அட்டவணையும் வரைபடமும்: கணனியில் நிகழ்ந்த ஓர் இணைப்பின் வரலாறு

பொறியியல் வரைபடம் ஒன்றை விரித்துப் பார்ப்போர் முதலிற் காண்பது கோடுகளையே. சுவர், தூண், படிக்கட்டு, குழாய் ஆகிய யாவும் கோடுகளாக அமைந்து கண்ணைக் கவர்கின்றன. தாளின் ஓரத்திலோ, பெரும்பாலும் எவரும் முதலிற் பாராத இடத்திலே, ஓர் அட்டவணை இருக்கும். கதவுகள் எத்தனை, அவற்றின் அகலமும் உயரமும் யாவை, எந்தத் தூணுக்கு எந்த விட்டமுடைய கம்பிகள் எத்தனை என்பன அதிலே நிரை நிரையாக எழுதப்பட்டிருக்கும். கட்டடம் கோடுகளால் எழுவதாக நாம் எண்ணுகின்றோம். கம்பியை வெட்டி வளைப்பவரும் கதவு செய்யும் தச்சரும் கேட்பது அந்த அட்டவணையையே.

ஒரே செய்தி ஒரே தாளில் இரு வடிவங்களில் இருப்பதே இங்குள்ள இடர். படத்திலே பன்னிரண்டு கதவுகள் இருக்க அட்டவணையிலே பதினொன்று எழுதப்பட்டிருந்தால் எது உண்மை? இந்த வினாவுக்குப் பொறியியல் உலகம் நெடுங்காலமாகச் சட்டத்தின் துணைகொண்டு விடை கூறி வந்துள்ளது. வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளவெடுத்தல் ஆகாது, எழுதப்பட்ட எண்ணே கொள்ளத்தக்கது என்பது படவரைஞர் ஒவ்வொருவரும் தொழிலின் தொடக்கத்திலேயே கற்கும் விதி. அதாவது கோட்டுக்கும் அதன் மேல் எழுதிய எண்ணுக்கும் முரண் நேரின் எண்ணே வெல்லும். ஆனால் வரைபடம் முழுவதற்கும் தனியான அட்டவணைக்கும் முரண் நேரின் நிலைமை மாறிவிடுகின்றது. சர்வதேச ஆலோசனைப் பொறியியலாளர் சம்மேளனமாகிய பிடிக் 1999 இல் வெளியிட்ட கட்டுமான ஒப்பந்த நிபந்தனைகளில் ஆவணங்களின் முன்னுரிமை வரிசை ஒன்று தரப்பட்டுள்ளது. அதிலே விவரக்கூற்றுக்கு அடுத்ததாக வரைபடங்களும், அவற்றுக்கும் பின்னரே அட்டவணைகளும் இடம்பெறுகின்றன. கோட்டின் மேல் எண் ஆட்சி செய்ய, அட்டவணையின் மேல் வரைபடம் ஆட்சி செய்கின்றது. இந்த ஏறுமாறான ஏற்பாட்டை நினைவிற் கொண்டால், கணனியிலே விரிதாளை வரைபடத்துடன் இணைக்கும் முயற்சிக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் சென்றன என்பது விளங்கும். எது எதற்கு எசமான் என்பதே அம்முயற்சியின் அடியில் இருந்த வினா.

படமும் பட்டியலும் பிரியாது நிற்கும் வழக்கம் நமக்கும் புதிதன்று. 1800 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட எமது நில அளவைத் திணைக்களத்தின் படங்களிலே காணித்துண்டுகளுக்கு இலக்கங்கள் மட்டுமே இடப்பட்டிருக்கும். அந்த இலக்கத்துக்குரிய காணியின் பெயர், பரப்பு, உரிமை கோருவோர் முதலிய விபரங்களை உடன்வரும் பட்டியலிலேயே காணலாம். காணி உரித்தைப் பதிவு செய்வதற்கான 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமும் இவ்விரண்டையும் சேர்த்தே வேண்டிநிற்கின்றது. பட்டியலில்லாத படம் உரிமையாளரை அறியாது. படமில்லாத பட்டியல் எல்லையை அறியாது.

எனினும் அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் இடையே இருவழித் தொடர்பை முதன்முதலில் ஒழுங்காகப் பேணியவர்களைக் காண வேண்டுமாயின் கப்பல் கட்டும் தளங்களுக்கே செல்லல் வேண்டும். கப்பலின் உடல் நேர்கோடுகளால் ஆனதன்று. அதன் வளைவைத் தாளில் வரைந்த பின், குறித்த இடைவெளிகளிலே நடுக்கோட்டிலிருந்து ஓரம் வரையுள்ள அரை அகலத்தையும் அடியிலிருந்து உயரத்தையும் அளந்து ஓர் அட்டவணையாக எழுதுவர். ஆங்கில, அமெரிக்க மரபில் ஒவ்வோர் அளவும் மூன்று எண்களால் ஆனது: அடி, அங்குலம், அங்குலத்தின் எட்டிலொரு பங்கு. இந்த அட்டவணை மேல்மாடத்துப் பரந்த பலகைத் தரைக்குச் செல்லும். அங்கே அதன் எண்களைக் கொண்டு கப்பலின் கோடுகளை முழு அளவிலே தரையில் வரைவர். சிறிய தாளில் ஒரு மயிரிழையாக இருந்த பிழை முழு அளவிலே விரற்கடையாகத் தெரியும். மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து வைத்துப் பார்த்து, கோடு எங்கே மேடு தட்டுகின்றதோ அங்கே அதனைத் திருத்துவர். அதன் பின்னர் செய்வதே நமது நோக்கில் முக்கியமானது. திருத்திய கோட்டைத் தரையிலிருந்து மீண்டும் அளந்து அட்டவணையின் எண்களையும் மாற்றி எழுதுவர். எண்ணிலிருந்து கோடு, கோட்டிலிருந்து மறுபடியும் எண். பிற்காலத்தில் மென்பொருள் நிறுவனங்கள் பெரும் புதுமையாக அறிவித்த இருவழி இணைப்பை இம்மனிதர்கள் முழந்தாளிட்டுத் தரையிலே செய்துகொண்டிருந்தனர்.

வானூர்தித் தொழிலும் இம்முறையையே கடன்பெற்றது. அங்கே 1940 ஆம் ஆண்டளவில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. வட அமெரிக்க வானூர்தி நிறுவனத்தில் மஸ்ராங் எனும் போர்வானூர்தி உருவானபோது, ரோய் லைமிங் என்பார் அதன் உடலின் வளைவுகளைக் கூம்பு வளைவுகளின் சமன்பாடுகளால் வரையறுத்தார். மரச்சட்டத்தை வளைத்துக் கண்ணாற் பார்த்து முடிவு செய்வதற்குப் பதிலாக, வேண்டிய புள்ளி எதுவாயினும் கணக்கிட்டுப் பெறும் நிலை ஏற்பட்டது. இம்முறையை விளக்கி 1944 இல் அவர் ஒரு நூலையும் வெளியிட்டார். இங்கே முதன்மை கோட்டிலிருந்து எண்ணுக்கு மாறிவிட்டது. இரு தொழிற்சாலைகளில் வெவ்வேறு மனிதர்கள் கணக்கிட்டாலும் ஒரே வளைவு கிடைக்கும். கணனி வரைகலையின் வரலாற்றை எழுதுவோர் லைமிங்கை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். அவருக்குரிய இடம் அதனிலும் பெரிது என்பது எமது கருத்து.

கட்டடத் துறையில் இத்தகைய மாற்றம் எதுவும் அக்காலத்தில் நிகழவில்லை. படவரைஞர் மையால் வரைந்தார். திருத்தம் வந்தால் சவர அலகினாற் சுரண்டி மீண்டும் வரைந்தார். கம்பி அட்டவணையை மற்றொருவர் எழுதினார். இருவரிடையேயும் ஒற்றுமையைக் காத்தவர் சிவப்புப் பென்சிலுடன் ஒப்புநோக்கிய மூன்றாமவர். அவர் களைப்புற்ற நாளிலே பிழைகள் தப்பிச் சென்றன.

கணனி இந்த அரங்கினுள் நுழைந்தது 1963 இல். மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லாண்ட் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாக ஸ்கெச்பாட் என்னும் செய்நிரலை உருவாக்கினார். லிங்கன் ஆய்வுகூடத்தின் டி.எக்ஸ்-2 கணனியின் திரையிலே ஒளிப்பேனாவினால் வரைய முடிந்தது என்பதே அதைப் பற்றிப் பெரிதும் பேசப்படும் செய்தி. அதனினும் ஆழமான இரண்டு எண்ணங்கள் அதிலே இருந்தன. மூல உரு ஒன்றை மாற்றினால் அதன் பிரதிகள் யாவும் தாமாகவே மாறின என்பது ஒன்று. பாலச்சட்டம் ஒன்றை வரைந்து அதன்மீது சுமையை ஏற்றினால் அதன் உறுப்புகளில் எழும் விசைகள் படத்திலேயே எண்களாகத் தோன்றின என்பது மற்றொன்று. வரைபடம் வெறும் கோடுகளின் கூட்டமாயிராது, தன்னைப் பற்றிய எண்களை அறிந்ததாய் இருக்கலாம் என்பதற்கு இதுவே முதற் சான்று எனலாம். ஆயினும் அக்கணனி ஓர் அறையை நிறைக்கும் பருமனுடையது. எண்ணம் பிறந்துவிட்டது, அதற்கு ஏற்ற இயந்திரம் சாதாரண அலுவலகங்களை எட்ட இருபது ஆண்டுகள் சென்றன.

இடைப்பட்ட காலத்தில் கட்டடக்கலைஞர் சார்ல்ஸ் ஈஸ்ற்மன் 1975 இல் எழுதிய ஒரு கட்டுரை குறிப்பிடத்தக்கது. முப்பரிமாணப் பொருளொன்றைத் தாளில் விபரிக்கக் குறைந்தது இரு படங்களாவது வேண்டும். ஆகவே ஏதேனும் ஓர் அளவு குறைந்தது இருமுறை வரையப்படும். மாற்றம் வரும்போது அத்தனை இடங்களிலும் மாற்ற வேண்டும் என அவர் காட்டினார். கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பையும் கணனியில் ஒரு முறை மட்டும் பதிந்து, படங்களையும் அட்டவணைகளையும் அந்த ஒரே பதிவிலிருந்து பெறலாம் என்பது அவரது வழி. அக்காலத்து அலுவலகங்களுக்கு அது கனவாகவே தோன்றியிருக்கும்.

நடைமுறை உலகம் வேறு வழியே சென்றது. அட்டவணையும் வரைபடமும் தனித்தனியே, ஒன்றையொன்று அறியாது, சிறிய கணனிகளில் குடிபுகுந்தன. ஹாவாட் வணிகக் கல்லூரியில் மாணவராயிருந்த டான் பிறிக்லின், கரும்பலகையில் எழுதப்பட்ட கணக்கட்டவணையில் ஓர் எண் பிழைத்தால் அதைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்தெழுத வேண்டியிருப்பதைக் கண்டார். அவரும் பொப் பிராங்ஸ்ரனும் சேர்ந்து ஆக்கிய விசிகல்க் 1979 இல் அப்பிள் கணனிக்கு வெளிவந்தது. இலத்திரனியல் விரிதாளின் பிறப்பு இதுவே. கரும்பலகையில் அழித்தெழுதிய கையும், மையைச் சுரண்டிய படவரைஞரின் கையும் பட்ட துன்பம் ஒன்றே என்பதை அன்று எவரும் சேர்த்து நோக்கவில்லை. மூன்றே ஆண்டுகளின் பின், 1982 இல், ஜோன் வோக்கரும் அவர்தம் நண்பர்களும் தொடங்கிய ஓட்டோடெஸ்க் நிறுவனம் மைக்கல் றிடிலின் செய்நிரலை அடிப்படையாகக் கொண்டு ஓட்டோகாட்டை வெளியிட்டது. பல்லாயிரம் டொலர் பெறுமதியான இயந்திரங்களிலே மட்டும் நடந்த வேலையை ஆயிரம் டொலர் மென்பொருள் மேசைக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தின் பெயரே அலுவலக மேசை வேலைக்கெனத் திட்டமிட்ட வேறொரு மென்பொருளிலிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. அந்த மேசை மென்பொருள் மறக்கப்பட்டது. வரைபடமே நிறுவனத்தை வாழவைத்தது.

இவ்வாறு பிரிந்து பிறந்த இரண்டையும் சேர்க்கும் முதற் பாலம் 1984 இல் ஓட்டோகாட்டின் இரண்டாம் பதிப்பிலே தோன்றியது. கதவு ஒன்றைக் குறிக்கும் உருவுடன் அதன் இலக்கம், அகலம், மரவகை போன்ற பண்புக்கூறுகளை எழுத்தாக ஒட்டிவைக்கும் வசதி அதில் ஏற்பட்டது. பின்னர் ஒரு கட்டளையால் படத்திலுள்ள கதவுகள் அனைத்தினதும் பண்புகளைத் திரட்டி, காற்புள்ளிகளாற் பிரித்த வரிகளாக வெளியே எடுக்கலாம். அவ்வரிகளை லோட்டஸ் 1-2-3 போன்ற விரிதாள் உள்வாங்கிக்கொள்ளும். கதவுகளை எண்ணும் வேலை படவரைஞரை விட்டு நீங்கியது. ஆயினும் இது ஒருவழிப் பாதை. விரிதாளில் விலையையோ அகலத்தையோ மாற்றினால் படம் அதை அறியாது. மறுநாள் மீண்டும் எடுத்தால் முன்னாள் செய்த திருத்தங்கள் அழிந்துபோம்.

எதிர்த்திசைக்கான வழியை நிறுவனத்தைவிடப் பாவனையாளர்களே விரைவாகக் கண்டுபிடித்தனர். 1986 அளவில் ஓட்டோகாட்டினுள் இடம்பெற்ற லிஸ்ப் மொழியைக் கற்ற பொறியியலாளர்கள், விரிதாளிலிருந்து வந்த கோப்பை வரி வரியாக வாசித்து மேசையொன்றைக் கோடு கோடாக வரையும் சிறு செய்நிரல்களை எழுதிக்கொண்டனர். மொழி அறியாதோருக்கு இன்னும் எளிய உபாயம் ஒன்று இருந்தது. ஓட்டோகாட் தட்டச்சிட்ட கட்டளைகளை ஏற்கும். கட்டளைகள் அடங்கிய கோப்பையும் வாசிக்கும். எனவே நில அளவையாளர் தமது ஆள்கூறுகளை விரிதாளின் இரு நிரல்களில் வைத்து, மூன்றாம் நிரலில் அவற்றை ஒட்டி 'கோடு வரைக' என்னும் கட்டளையாக்கி, முழு நிரலையும் பிரதிசெய்து வரைமென்பொருளுக்கு ஊட்டுவார். நொடிப்பொழுதில் காணியின் எல்லை திரையில் எழும். எத்தனையோ விலையுயர்ந்த மென்பொருள்கள் வந்த பின்னரும் இவ்வேழை உபாயம் வழக்கொழியவில்லை. எண் எசமான், கோடு ஏவலாள் என்ற உறவு இதிலே ஐயத்துக்கு இடமின்றி இருப்பதே அதன் நீடிப்புக்குக் காரணம் போலும்.

தொண்ணூறுகளில் இரண்டு வழிகள் திறந்தன. 1992 இல் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பு, படத்திலுள்ள உருவொன்றைப் புறத்தேயுள்ள தரவுத்தளத்தின் நிரையொன்றுடன் கட்டிவைக்க உதவியது. ஆற்றல் மிக்க வழியாயினும் தரவுத்தளத்தை அமைக்கத் தெரிந்தோரே அதைப் பயன்படுத்தினர். மற்ற வழி மைக்றோசொவ்ற் நிறுவனம் விண்டோஸில் கொண்டுவந்த பொருளிணைப்பு முறை. எக்ஸல் விரிதாளைப் பிரதிசெய்து வரைபடத்தில் ஒட்டினால் அது அங்கே தோன்றும். இருமுறை அழுத்தினால் எக்ஸலே திறக்கும். கண்டோர் வியந்தனர். பின்னர் துன்புற்றனர். நீண்ட அட்டவணையின் அடிப்பகுதி வெட்டுண்டு போயிற்று. எழுத்தின் பருமன் படத்தின் அளவுத்திட்டத்துக்கு இணங்கவில்லை. வரைபடத்தை வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பினால் இணைப்பு அறுந்தது. அடிப்படைக் குறை யாதெனில், ஒட்டப்பட்டது விரிதாளின் நிழற்படமே. வரைபடத்துக்கு அது ஓர் ஒளிபுகா முத்திரை போன்றது. அதனுள்ளே எண்கள் உள என்பதை வரைபடம் அறியாது.

அறியச் செய்வதற்கு முதலில் வரைபடத்துக்கு அட்டவணை என்ற கருத்தையே கற்பிக்க வேண்டியிருந்தது. 2004 ஆம் ஆண்டு வரை ஓட்டோகாட்டில் அட்டவணை என்ற உறுப்பு இருக்கவில்லை என்பது இன்றைய மாணவருக்கு வியப்பளிக்கலாம். கோடுகளையும் தனித்தனி எழுத்துகளையும் கொண்டு கட்டங்களை வரைந்தனர். ஒரு நிரையைச் சேர்க்க வேண்டுமாயின் கீழுள்ள அனைத்தையும் நகர்த்தினர். 2004 இல் வெளிவந்த பதிப்பிலே அட்டவணை ஓர் உறுப்பாயிற்று. 2007 மார்ச்சில், 2008 என்ற பெயருடன் வந்த பதிப்பிலே அந்த அட்டவணை எக்ஸல் தாளுடன் கட்டப்பட்டது. முழுத்தாளையோ, பெயரிட்ட ஒரு பகுதியையோ, குறித்த சில கட்டங்களையோ இணைக்கலாம். இணைக்கப்பட்ட கட்டங்கள் பூட்டப்பட்டிருக்கும். எக்ஸல் கோப்பு மாறினால் திரையின் மூலையில் அறிவித்தல் தோன்றும். படவரைஞர் இசைந்தால் புதிய எண்கள் படத்தினுள் வரும். பூட்டைத் திறந்து படத்திலே எண்ணை மாற்றினால், முன்னரே அனுமதி கொடுத்திருப்பின், அம்மாற்றத்தை எக்ஸல் கோப்புக்கே திருப்பி எழுதலாம். கப்பல் தளத்து மேல்மாடத்தின் இருவழிப் பயணம் கணனியில் நிறைவேறியது என்று கூறத் தோன்றும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே திரும்பிச் சென்ற எண் வளைவிலிருந்து அளந்தெடுக்கப்பட்டது. இங்கே செல்வதும் வருவதும் எழுத்தே. அட்டவணையில் தூணின் அகலத்தை மாற்றினால் பக்கத்திலே வரையப்பட்டுள்ள தூண் அசைவதில்லை.

தூணையும் அசையச் செய்தது வேறொரு மரபு. சாமுவேல் கைஸ்பேர்க் 1985 இல் தொடங்கிய நிறுவனத்தின் புரோ-என்ஜினியர், அதன் பின் 1995 இல் வந்த சொலிட்வேர்க்ஸ் ஆகிய இயந்திர வடிவமைப்பு மென்பொருள்களில் உருவின் அளவுகளே மாறிகளாயின. சொலிட்வேர்க்ஸில் எக்ஸல் தாளின் ஒவ்வொரு நிரையும் ஒரு திருகாணியின் ஒவ்வோர் அளவைக் குறிக்க, ஒரே உருவிலிருந்து நூறு திருகாணிகள் பிறக்கும். கட்டடத் துறையில் 2000 இல் வெளிவந்து, 2002 இல் ஓட்டோடெஸ்க் வாங்கிக்கொண்ட றெவிற் ஈஸ்ற்மனின் கனவுக்கு அண்மையில் வந்தது. அதிலே கதவு அட்டவணை என்பது தனி ஆவணமன்று. தளப்படத்தைப் போலவே கட்டட மாதிரியின் மற்றொரு தோற்றம். அட்டவணையிலே ஒரு கதவை நீக்கினால் சுவரிலிருந்தும் அது நீங்கும். படத்துக்கும் பட்டியலுக்கும் இடையே முரண் எழுவதற்கு அங்கே இடமே இல்லை.

முரண் எழாமை நன்று எனவே இவ்வரலாறு முழுவதும் கருதப்பட்டுள்ளது. இங்குதான் நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரிலே சிறுவருக்கும் இளையோருக்குமென ஒரு புதிய மருத்துவமனை கட்டப்பட்டது. 2019 ஜூலை 9 ஆம் திகதி நோயாளர் அங்கு செல்ல ஏற்பாடாகியிருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னர், ஜூலை 4 ஆம் திகதி, சுகாதார அமைச்சர் ஜீன் பிறீமன் அதனை நிறுத்தினார். தீவிர சிகிச்சை அறைகளிலே காற்று மணிக்குப் பத்து முறை மாற வேண்டும் என்பது நியமம். அங்கு அமைந்திருந்தது நான்கு முறைக்கே. நோய்த்தொற்றுக்கு எளிதில் இரையாகும் சிறுவருக்கு இவ்வேறுபாடு உயிர் சார்ந்தது. பிழையின் ஊற்றை ஆராய்ந்து 2020 இல் வெளிவந்த அறிக்கை ஒரு விரிதாளைச் சுட்டியது. ஒவ்வோர் அறைக்கும் உரிய வெப்பநிலை, காற்றோட்டம் முதலியன நிரை நிரையாக எழுதப்பட்ட அட்டவணை அது. 2012 இல், நான்கு படுக்கைகள் கொண்ட பொது அறைக்குரிய எண் தீவிர சிகிச்சை அறைக்குரிய கட்டங்களிலும் பிரதிசெய்யப்பட்டிருக்கலாம் என்பதே அறிக்கையின் முடிபு.

ஒரு கட்டத்து எண் ஏழாண்டுகளில் குழாயாகவும் விசிறியாகவும் சுவராகவும் உருக்கொண்டுவிட்டது. அட்டவணைக்கும் கட்டடத்துக்கும் இடையே முரண் இருந்ததால் நேர்ந்த இடர் அன்று இது. இரண்டும் இணங்கியிருந்ததால் நேர்ந்தது. அதிலே 'நான்கு' என்றிருந்தது, கட்டடத்திலும் நான்கே இருந்தது. அந்த விரிதாள் வரைபடங்களுடன் இணைக்கப்பட்டிருந்தாலும் அதே நான்கு இன்னும் விரைவாக எல்லாத் தாள்களையும் சென்றடைந்திருக்கும். சிவப்புப் பென்சிலுடன் ஒப்புநோக்கிய பழைய மூன்றாமவர் இரு தாள்களையும் தனித்தனியே வாசித்தபோது, ஏன் இந்த எண் என்று கேட்கும் வாய்ப்பு ஒன்று இருந்தது. தானியங்கி இணைப்பு அவரது வேலையின் சலிப்பூட்டும் பாதியை ஏற்றுக்கொண்டது. மற்றப் பாதியை யார் செய்வது என்பதைப் பல அலுவலகங்கள் எழுதிவைக்கவில்லை.

எடின்பரோவில் காற்றோட்ட அமைப்பை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. கட்டடம் வெறுமையாய் நின்ற காலத்திலும் ஒப்பந்தப்படி மாதந்தோறும் பத்து இலட்சம் பவுணுக்கு மேல் கொடுக்கப்பட்டது. சிறுவர் பிரிவுகள் 2021 மார்ச்சிலேயே திறக்கப்பட்டன.